எட்டுக் கிலோ எங்கே உட்காருகிறது?

கடையில் அந்தப் பை பஞ்சு மாதிரி இருந்தது. தோளில் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன். அறைகள் ஏழு, ஜிப்கள் பதினொன்று, முக்காலியைத் தொங்கவிட ஒரு கொக்கி, பேனாவுக்குக்கூட ஒரு குழி. கேமராவுக்கென்றே தைத்த பை என்றார் கடைக்காரர். வாங்கிவிட்டேன்.

அடுத்த மாதம் கோத்தகிரியில் லாங்வுட் சோலைக்குள் பறவை பார்க்கப் போனோம். முதல் அரை மணி நேரம் பை இருப்பதே தெரியவில்லை. இரண்டாவது மணியில் தோள் எரிந்தது, கழுத்து விறைத்தது, வலது கை விரல்களில் எறும்பு ஊர்ந்தது. உடன் வந்த நண்பர் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அவருடைய கேமரா, லென்ஸ் எல்லாம் என்னிடம் இருப்பவை போன்றவைதான். வெளுத்துப்போன ஒரு சாதாரண மலையேற்றப் பையோடு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு முன்னே போய்க்கொண்டிருந்தார். என் பையில்தான் ஏதோ கல் கூடுதலாக இருக்கிறது என்று நினைத்தேன்.

மாலையில் இறங்கி வந்து, காய்கறிக் கடைத் தராசில் இரண்டு பைகளையும் வைத்துப் பார்த்தோம். என்னுடையது எட்டுக் கிலோ. அவருடையது எட்டரை.

கனமான பை லேசாகவும், லேசான பை கனமாகவும் இருப்பது எப்படி? பள்ளிப் பிள்ளைகளின் புத்தகப் பையிலிருந்து ரேஷன் அரிசிப் பை வரை, சுமந்தவர் எல்லாருக்கும் எப்போதாவது வந்திருக்கக்கூடிய சந்தேகம்தான் இது.

குடமும் நீட்டிய கையும்

தண்ணீர் நிறைந்த குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருக்கோடிவரை நடப்பவர்கள் உண்டு. அதே குடத்தின் கழுத்தைப் பிடித்து, கையை உடலிலிருந்து நேராக நீட்டி நிற்கச் சொன்னால் பத்து எண்ணுவதற்குள் கீழே வைத்துவிடுவார்கள். இத்தனைக்கும் உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் கூடவில்லை. உடலுக்கும் குடத்துக்கும் நடுவே இருந்த தூரம்தான் கூடியது.

பொருளின் எடை முழுவதும் ஒரே புள்ளியில் குவிந்திருப்பதாக வைத்துக்கொள்ளலாம். அந்தப் புள்ளிக்கு ஈர்ப்பு மையம் என்று பெயர். அது தாங்கும் இடத்திலிருந்து விலகிப் போகப் போக, பொருள் நம்மைச் சுழற்றித் தள்ளப் பார்க்கிறது. கதவைக் கீல் பக்கம் தள்ளினால் அசையாது, கைப்பிடிப் பக்கம் தள்ளினால் சட்டெனத் திறக்கும், அதே விஷயம்தான். இந்தச் சுழற்றும் வலிமையைத் திருப்புவிசை என்பார்கள். எடை இரண்டு மடங்கானாலும் தூரம் இரண்டு மடங்கானாலும் திருப்புவிசைக்கு ஒன்றுதான்.

தராசுக்கு எடை மட்டும்தான் தெரியும். முதுகுக்குத் தூரமும் தெரியும்.

ஒரே சாமான், இரண்டு அடுக்கு

அன்று என் பையில் இருந்தவற்றைக் கணக்கெடுப்போம். நிக்கான் டி500 கேமரா 860 கிராம். அதில் பொருத்திய 200-500 மில்லிமீட்டர் லென்ஸ் 2,300 கிராம். பூவையும் மலையையும் எடுக்க ஒரு 24-120 லென்ஸ், 710 கிராம். தண்ணீர் ஒன்றரை லிட்டர், அதாவது ஒன்றரைக் கிலோ. மழைச்சட்டை, இட்லிப் பொட்டலம், துண்டு எல்லாம் சேர்த்து 830 கிராம். பை மட்டும் வெறுமனே 1,800 கிராம். கூட்டினால் சரியாக எட்டுக் கிலோ.

(எடை இந்தக் காலத்துப் பிரச்சினை மட்டும் அல்ல. இயற்கையாளர் மா. கிருஷ்ணன் பல கருவிகளின் பாகங்களை ஒன்றிணைத்துத் தானே அமைத்துக்கொண்ட கேமராவுக்கு வைத்திருந்த செல்லப்பெயர் ‘சூப்பர் பாண்டரோசா’. ‘கனமான’ என்ற பொருள்தரும் ஆங்கிலச் சொல்லை நினைவூட்டும் அந்தப் பெயரிலேயே பாரம் தொனிக்கிறது.)

என் பை முன்புறம் திறப்பது. தரையில் படுக்கவைத்து ஜிப்பை இழுத்தால் கேமரா கண்ணெதிரே இருக்கும். வசதியாக இருக்கட்டும் என்று கனமான எல்லாவற்றையும் அந்தப் பக்கமே அடுக்கியிருந்தேன். கேமராவும் லென்ஸ்களும் தண்ணீரும் முதுகிலிருந்து சுமார் 21 சென்டிமீட்டர் தள்ளி இருந்தன. முதுகை ஒட்டி இருந்தவை மழைச்சட்டையும் துண்டும். ஒவ்வொன்றின் எடையையும் அதன் தூரத்தால் பெருக்கிக் கூட்டி, மொத்த எடையால் வகுத்தால் பையின் ஈர்ப்பு மையம் கிடைத்துவிடும். முதுகிலிருந்து 17 சென்டிமீட்டர்.

நண்பர் செய்தது நேர் எதிர். தண்ணீர் முதுகை ஒட்டி. அடுத்து, எட்டு சென்டிமீட்டரில் கேமராவும் லென்ஸும். துணியும் சாப்பாடும் வெளியே. என் சாமான்களை அவர் முறைப்படி அடுக்கிக் கணக்கிட்டால் மையம் 9 சென்டிமீட்டருக்கு வந்துவிடுகிறது.

இதனால் தோளுக்கு என்ன ஆகிறது? பையின் அடிப்பக்கம் இடுப்புக்கு மேலே முதுகில் முட்டிக்கொண்டிருக்கிறது. மேல்பக்கத்தைத் தோள்வார்கள் பிடித்திருக்கின்றன. இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் உயரம். பை அடியை ஊன்றிப் பின்னால் சாயப் பார்க்கிறது. வார்கள் அதை இழுத்துப் பிடிக்கின்றன. எட்டை 17ஆல் பெருக்கி 45ஆல் வகுத்தால் மூன்று கிலோ. என் தோள்களை யாரோ மூன்று கிலோ விசையோடு பின்னோக்கி இழுத்துக்கொண்டே வந்திருக்கிறார்! நண்பரின் அடுக்கில் இதே இழுப்பு ஒன்று புள்ளி ஆறு கிலோ. ஏறக்குறையப் பாதி.

இது கீழ்நோக்கி அழுத்தும் எட்டுக் கிலோவுக்கு மேலே வருவது. பின்னால் இழுக்கும் பையை ஈடுகட்ட நாம் இடுப்பை வளைத்து முன்னே சாய்கிறோம். சாய்ந்தால் கண் தரையைப் பார்க்கும். பறவை இருப்பதோ மரத்தில். ஆகவே கழுத்தைப் பின்னுக்கு மடித்து நிமிர்கிறோம். என் கழுத்து விறைத்த கதை இதுதான்.

இனி முதுகில் காற்றோட்டம் தரும் வலைப் பைகளைப் பார்க்கலாம். வலையை வில் போல இழுத்துக் கட்டி, பையை முதுகிலிருந்து நான்கைந்து சென்டிமீட்டர் தள்ளி நிறுத்துவார்கள். நம் ஊர் வியர்வைக்கு வரப்பிரசாதம் போலத் தோன்றும். ஆனால் நண்பரின் அடுக்கில் 9 இருந்த தூரம் 13 ஆனால், இழுப்பு 2.3 கிலோவாக ஏறிவிடுகிறது. லேசான பைக்கு வலை நல்லது. மூன்று கிலோ லென்ஸ் சுமப்பவர் சட்டை நனைவதைப் பொறுத்துக்கொள்வதே மேல் என்பது என் கட்சி.

உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சமமான பாதையில் கனமான பொருள் தோள்பட்டை எலும்பின் உயரத்தில் இருந்தால் நடை சுலபம். வழுக்குப் பாறை, வேர் பின்னிய சரிவு என்றால் கொஞ்சம் கீழே இறக்குவது நல்லது. உயரத்தில் இருக்கும் பாரம், கால் தடுமாறும்போது ஆளையும் கூடவே இழுத்துப்போகும்.

குழந்தை உட்காரும் எலும்பு

தோள் பாரம் சுமப்பதற்கென்று அமைந்த இடம் அல்ல. கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புகள் ஒரு பின்னலாகக் காறை எலும்புக்கு அடியில் நுழைந்து போகின்றன. ஒடுங்கிய வார் அங்கே மணிக்கணக்கில் அழுத்தினால் கை மரத்துப்போகும். விரலில் எறும்பு ஊரும். படைவீரர்களிடம் இது முற்றி, சில காலம் கையையே தூக்க முடியாமல் போவதுண்டு. ராணுவ மருத்துவர்கள் இதற்கு முதுகுப்பை வாதம் என்ற பொருளில் ‘ரக்சாக் பால்சி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

நம் வீட்டுப் பெண்கள் குடத்தையும் குழந்தையையும் எங்கே உட்காரவைக்கிறார்கள்? இடுப்பின் பக்கவாட்டில், கையை வைத்து அழுத்தினால் தட்டுப்படும் அந்த எலும்பு விளிம்பில். அதற்குக் கீழே தொடையும் காலும்; உடலிலேயே பெரிய எலும்புகள், பெரிய தசைகள். பாரம் அங்கே இறங்கினால் முதுகெலும்பு முழுவதையும் கடந்து வரவேண்டிய அவசியமில்லை.

அமெரிக்காவில் டிக் கெல்ட்டி 1952இல் தன் வீட்டிலேயே செய்து விற்கத் தொடங்கிய பைகள் இந்த எலும்பைக் கண்டுகொண்டவை. அலுமினியக் குழாய்களை வளைத்துச் சட்டம் செய்தார். தையல் வேலையை மனைவி பார்த்துக்கொண்டார். பாரம் அந்தச் சட்டத்தின் வழியாக இடுப்புவாருக்கு இறங்கியது. இன்று சட்டம் பைக்குள் ஒளிந்துகொண்டுவிட்டது. ஆனால் தத்துவம் அதே: சட்டம் இல்லாத பையில் இடுப்புவார் வெறும் அலங்காரம். துணி கசங்கிக் கீழே உட்கார்ந்துவிடும், பாரம் மறுபடியும் தோளுக்கே வரும். என் பையின் இடுப்புவார் இரண்டு விரல் அகல நாடா. பை ஆடாமல் பிடிக்கும், அவ்வளவுதான்.

நல்ல இடுப்புவார் பாரத்தில் எண்பது விழுக்காட்டைத் தூக்கிக்கொள்ளும் என்று விற்பவர்கள் சொல்வதுண்டு. அமெரிக்க ராணுவ ஆய்வாளர்கள் உணர்விகளை வைத்து அளந்து 2004இல் வெளியிட்ட கணக்கில், நடக்கும்போது செங்குத்துப் பாரத்தில் இடுப்புப் பகுதி ஏற்றது சுமார் முப்பது விழுக்காடுதான். ஏமாற்றமாகத் தோன்றலாம். ஆனால் எட்டுக் கிலோவில் இரண்டரைக் கிலோ தோளைவிட்டு இறங்குவதென்றால், லென்ஸையே யாரோ வாங்கிக்கொண்டது போல.

இந்த வார் சரியான எலும்பில் உட்கார, பையின் முதுகு நீளம் நம் முதுகுக்குப் பொருந்தவேண்டும். தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் ஒரு முண்டு துருத்தும். அங்கிருந்து, இடுப்பு எலும்புகளின் மேல் விளிம்புகளைச் சேர்க்கும் கோடுவரை முதுகெலும்பை ஒட்டி இஞ்ச் டேப்பால் அளக்கவேண்டும். ஆள் உயரத்தை வைத்து இதை ஊகிக்க முடியாது. ஆறடி ஆளுக்குக் கால் நீளமாகவும் முதுகு குட்டையாகவும் இருக்கலாம். கேமராப் பைகள் பெரும்பாலும் ஒரே அளவில் வருவதுதான் அவற்றின் மீது எனக்குள்ள முதல் புகார்.

சும்மாடும் கொழுந்துக் கூடையும்

அப்படியானால் தலையில் சும்மாடு வைத்து விறகுக் கட்டைச் சுமப்பவர்கள்? இலங்கை மலையகத்தில் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி, கூடையை முதுகில் தொங்கவிட்டுக் கொழுந்து பறிப்பவர்கள்? அவர்களுக்கு இடுப்புவாரும் இல்லை, சட்டமும் இல்லை.

கென்யாவில் செய்த ஒரு சோதனையின் முடிவு 1986இல் வெளியானது. லுவோ பெண்கள் தலையில் சுமப்பவர்கள். கிகுயு பெண்கள் நெற்றியில் வார் மாட்டி முதுகில் சுமப்பவர்கள். தங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்குவரை சுமந்து நடந்தபோதும் அவர்கள் உடல் கூடுதலாக ஆக்ஸிஜன் செலவழிக்கவில்லை. பாரம் இலவசமாகப் பயணம் செய்தது! பின்னர் வேறு பெண்களிடம் செய்த சோதனைகளில் எல்லாருக்கும் இப்படி நேரவில்லை. நேபாளச் சுமைதூக்கிகள் இன்னும் வியப்பு. எவரெஸ்ட் வழியில் நாம்சே சந்தைக்குப் போகிறவர்களை எடைபோட்டு 2005இல் வெளியான ஆய்வில், ஆண்கள் சராசரியாகத் தங்கள் உடல் எடையில் 93 விழுக்காட்டையும் பெண்கள் 66 விழுக்காட்டையும் நெற்றிவாரில் சுமந்துகொண்டிருந்தார்கள்.

இவற்றில் பொதுவாக ஒன்றைக் கவனிக்கலாம். தலைச்சுமையின் ஈர்ப்பு மையம் நேராக முதுகெலும்பின் மேலே. விலகும் தூரம் பூஜ்ஜியம். நெற்றிவார்க் கூடை முதுகை ஒட்டியே கிடக்கும். ஆனால் இது சிறு வயதிலிருந்து பழகிய கழுத்துகளின் வித்தை. நாற்பது வயதில் லென்ஸைச் சும்மாட்டின் மேல் வைத்துப் பார்க்க நான் யாருக்கும் யோசனை சொல்லமாட்டேன்.

பறவை காத்திருக்காது

இதுவரை சொன்னதன்படி நல்ல பை என்பது கேமராவை முதுகோடு ஒட்டி ஆழத்தில் புதைத்து வைப்பது. கறுப்பும் ஆரஞ்சுமாக ஓர் ஈப்பிடிப்பான் எதிர்க்கிளையில் வந்து உட்காரும்போது, இரண்டு கொக்கிகளை அவிழ்த்து, பையை இறக்கி, இட்லிப் பொட்டலத்தை ஒதுக்கி, கேமராவை எடுத்து நிமிர்ந்தால் கிளை மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். கேமராப் பை செய்பவர்கள் முன்புறமும் பக்கவாட்டிலும் ஜிப் வைப்பது சும்மா இல்லை. சுமக்கும் வசதியும் எடுக்கும் வேகமும் ஒன்றையொன்று கடித்துக்கொள்கின்றன.

காவடித் தண்டில் இரு பக்கமும் சுமை தொங்கும். ஒன்றின் திருப்புவிசையை மற்றது தின்றுவிடும். அதையே முன்னும் பின்னுமாகச் செய்யலாம். கேமராவைக் கழுத்தில் மாட்டாமல், பையின் தோள்வார்களில் இரண்டு கொக்கிகள் போட்டு மார்புக்கு முன்னால் தொங்கவிடவேண்டும். 3,160 கிராம் முன்னே போய்விட்டது. பையில் மிச்சம் 4,840 கிராம். நண்பரின் அடுக்கில் கணக்குப் போட்டால் பின்னிழுப்பு ஒரு கிலோவுக்கு வந்துவிடுகிறது. முன்னே தொங்கும் கேமரா அதிலும் பெரும்பகுதியைச் சமன் செய்துவிடும். மொத்த எடை அதே எட்டுக் கிலோ. உடல் நிமிர்ந்து நடக்கிறது, கேமராவும் கையெட்டும் தூரத்தில்.

குறை ஒன்று உண்டு. இறக்கத்தில் நீண்ட லென்ஸ் நம் பாதத்தை மறைக்கும். சோலையில் வேரும் பாசியும் பார்த்து வைக்கவேண்டிய பாதம் அது. ஆகவே ஏற்றத்திலும் சமதளத்திலும் முன்னே, செங்குத்தான இறக்கத்தில் பைக்குள். அப்படி உள்ளே போகும்போது பிரித்துப் பிரித்து வைக்காமல் பொருத்தியபடியே போகவேண்டும். அந்த லென்ஸ் மட்டும் 27 சென்டிமீட்டர். கேமராவோடு 35ஐ நெருங்கும். பை வாங்கும்போது லிட்டர் கணக்கைப் பார்ப்பதைவிட இந்த ஒரு நீளம் உள்ளே நேராக நிற்குமா என்று பார்ப்பது பயன்.

ஒரு சென்டிமீட்டர் நுரை

நண்பர் வைத்திருந்தது சாதாரண மலையேற்றப் பை என்றேன். கேமராவுக்கு மெத்தை? உள்ளே தனியாக ஒரு நுரைப்பெட்டி வைத்திருந்தார். பையில்லாமல் அந்தப் பெட்டி மட்டும் தனியாகக் கிடைக்கிறது.

நுரை என்ன செய்கிறது என்பதைக் கிரிக்கெட் பந்தைப் பிடித்தவர்கள் அறிவார்கள். கையை விறைப்பாக நீட்டினால் உள்ளங்கை பிளக்கும். பந்தோடு கையைப் பின்னுக்கு இழுத்தால் வலிக்காது. நிற்கும் தூரம் நீளும்போது அடி குறைகிறது. பை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதாகக் கொள்வோம். மெல்லிய துணி இரண்டு மில்லிமீட்டர் மட்டும் அமுங்கினால், விழுந்த உயரம் நின்ற தூரத்தைப் போல ஐந்நூறு மடங்கு. லென்ஸ் சராசரியாகத் தன் எடையைப் போல ஐந்நூறு மடங்கு விசையைத் தாங்கவேண்டும். ஒரு டன்னுக்கு மேல். நுரை ஒரு சென்டிமீட்டர் அமுங்கிக் கொடுத்தால் அது நூறு மடங்காக, 230 கிலோவாகக் குறைகிறது.

அமுங்கவேண்டும், ஆனால் முழுதாக அமுங்கித் தரையைத் தொட்டுவிடக் கூடாது. கட்டைவிரலால் அழுத்தினால் மறுபக்கம் தட்டுப்படும் நுரை வெறும் தலையணை. விழும்போது முதலில் தரையில் மோதுவது பெரும்பாலும் அடிப்பக்கம். எனவே நான் முதலில் அழுத்திப் பார்ப்பது அங்கேதான்.

மழையும் பூஞ்சையும்

மழையுறை பையின் முகத்தை நனையாமல் காக்கும்; முதுகுக்கும் பைக்கும் நடுவே வழியும் தண்ணீருக்கு அது பொறுப்பேற்காது. உள்ளே ஒரு கனமான பாலித்தீன் பை இருந்தால் அந்தக் கவலை இல்லை. குளிரூட்டிய அறையிலிருந்து புழுக்கமான வெளிக்காற்றுக்கு வந்ததும் லென்ஸ் வியர்க்கும். காற்றில் இருக்கும் ஈரம் நீராக மாறும் வெப்பநிலைக்குப் பனிநிலை என்று பெயர். கண்ணாடி அதைவிடக் குளிர்ந்திருப்பதுதான் காரணம். பையைத் திறக்காமல் அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டால் போதும்.

வீடு திரும்பியதும் சாமான்களைப் பையிலேயே விட்டுவிடுவது பலருடைய பழக்கம். ஈரம் குடித்த நுரையும் இருட்டும் பூஞ்சைக்கு மாமியார் வீட்டு விருந்து. லென்ஸுக்குள் சிலந்திவலை போல ஒருமுறை படர்ந்துவிட்டால் துடைத்து எடுப்பது நம் கையில் இல்லை.

ஆறு பாட்டில் தண்ணீர்

இரண்டாவது பை வாங்கப் போனபோது கையில் இஞ்ச் டேப் இருந்தது. வழியில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஆறு வாங்கிக்கொண்டேன். பையின் எடை இரண்டு கிலோ என்று வைத்துக்கொண்டால் மொத்தம் எட்டு. கடையில் பிடித்திருந்த பையில் மூன்று பாட்டில்களை முதுகை ஒட்டி நிறுத்தி, மற்ற மூன்றை அவற்றின் மேல் அடுக்கி, இடைவெளியில் என் பழைய போர்வையைத் திணித்தேன். இடுப்புவாரை எலும்பில் உட்காரவைத்து இறுக்கிய பிறகுதான் தோள்வாரை இழுத்தேன். மாடிப்படியில் ஏறி இறங்க ஆரம்பித்தேன்.

“சார், ட்ரையல் ரூம் கீழ இருக்கு” என்றான் கடைப் பையன்.

பன்னிரண்டாவது நிமிடத்தில் தோள் பேசத் தொடங்கியது. இடுப்புவார் எலும்பைவிட்டு நழுவி வயிற்றுக்கு வந்திருந்தது; பையின் முதுகு நீளம் எனக்கு ஓர் அங்குலம் குறைவு. கழற்றி வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தேன். அதில் ஜிப் மூன்றுதான். கேமரா படமும் போடவில்லை. விலையும் முதலாவதில் பாதி. பாட்டில்களை மாற்றி அடுக்கும்போது கடைக்காரரே வந்து ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார். இருபத்தைந்து நிமிடம் ஏறி இறங்கிய பிறகு, பையைக் கழற்றாமலே கல்லாவுக்குப் போய்ப் பணம் கொடுத்தேன். தனக்குத் தாகம் என்றான் பையன். ஒரு பாட்டிலை எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.